கூரைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, வகுப்பை முடித்துவிட்டு ஓடிவந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐயாவுக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன்: மலையில் தண்ணீர் ஏன் நிற்பதில்லை, கூரைத் தண்ணீரை எப்படிப் பிடிப்பது, ஊற்றுகளை எப்படிக் காப்பது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்களே, மழைக்கும் அதேதான்.

சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்பேர்ப்பட்ட ஊரிலேயே குளிர்காலத்தில் தண்ணீருக்குத் திண்டாட்டம். சில மாதத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது, சரிவில் இறங்கி ஓடிவிடுகிறது.

ஒருமுறை ஒரு மலைக்கிராமத்து வீட்டில் தங்கியிருந்தேன். அடைமழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. அந்த வீட்டம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு கிளம்பினார். எங்கேம்மா இந்த மழையில் என்றேன். "தண்ணிக்குத்தான்" என்றார். வெகுநேரம் கழித்து வந்தார், வழியில் வழுக்கி விழுந்து முழங்கையெல்லாம் சேறு, குடத்தில் முக்கால்வாசிதான் மிச்சம். அவர் குடத்தை இறக்கிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறுகயிறாகக் கொட்டி மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் குழியையே பார்த்தேன். அவரும் பார்த்தார். "பிடிச்சு வைக்க எங்ககிட்ட என்ன இருக்கு, இந்தக் குடம்தானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரிடம் மழை இருந்தது, கூரை இருந்தது, தொட்டிதான் இல்லை. மலைமுகட்டில் இருக்கும் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் பல வீடுகளில் கூரைத் தண்ணீருக்கென்றே தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய தொட்டிக்குச் செலவாகும், ஏழை வீடு எங்கே போகும்? அதனால்தான் போகிற மேடையெல்லாம் சொல்கிறேன், முதல் தொட்டி பள்ளிக்கூடத்துக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 2,000 லிட்டர், சேதாரம் போனாலும் 1,600 தேறும். நூறு பிள்ளைகள் ஆளுக்கு 2 லிட்டர் குடித்தால் எட்டு நாளைக்கு வரும். கூரையைக் கழுவி வருகிற முதல் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் தொட்டி வாயில் வலை கட்டி, வெளிச்சம் புகாமல் மூடி வையுங்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஊற்றுகளைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும், மழைக்காலம் நெருங்கிவிட்டது. அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தலைவரும் ஆசிரியர்களும் கொஞ்சம் இருந்தால், இந்தப் பள்ளிக்கூடக் கூரையை இன்றைக்கே அளந்துவிடலாம்.