கடுகும் கறுப்பு கிரீஸும்
(பாம்பனில் ஓர் அறிவியல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் பொன்னாடை போர்த்திய வரவேற்புக் குழுவினரே, கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தேதி குறித்த மீனவர் சங்கப் பெரியவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பின்வரிசையில் குச்சி ஐஸ் தின்கிற கண்மணிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். மாலிப்டினம் டைசல்பைடு என்பது என்ன, ஒளிபட்டால் அது என்ன செய்கிறது, நமக்கு என்ன பயன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பாள் என் அப்பத்தா. அதை நினைவில் வையுங்கள்.

போன பங்குனியில் ஒரு விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் பழுது பார்ப்பதை வேடிக்கை பார்க்கப் போனேன். பேரன் காதுகுத்துக்குக் கட்டிய புது வேட்டியோடு போனதுதான் தப்பு. மெக்கானிக் தம்பி கைநிறைய அள்ளிய கறுப்பு மசகு, ஒரு உதறலில் என் தொடைக்கு வந்துவிட்டது. "என்னப்பா இது?" என்றேன். "மாலி கிரீஸ் சார். உப்புத் தண்ணிக்கே அசையாது, வேட்டியை மறந்துடுங்க." மைத்துனர் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைவிட முக்கால் அடி குள்ளம். காதுகுத்துப் படங்களில் பேரனைவிட என் கணுக்கால்தான் எடுப்பாகத் தெரிகிறது!

அந்தக் கிரீஸில் கலந்திருப்பது நம் மாலிப்டினம் டைசல்பைடுதான். நடுவில் மாலிப்டினம் என்ற உலோகம், மேலும் கீழும் கந்தகம். இது ஓர் அடுக்கு. கயிறு அவிழ்த்த ஓலைச்சுவடி மாதிரி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஓர் அடுக்கின் தடிமன் 0.65 நானோமீட்டர் (மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்), தலைமுடித் தடிமனுக்கு லட்சம் அடுக்கு வைக்கலாம். ஒளி பட்டால் எலக்ட்ரான் ஆற்றல் வாங்கி மேலே ஏறும், இறங்கும்போது ஒளியாகக் கொடுக்கும். கட்டியாக இருக்கும்போது அது கீழே இறங்க நேர்வழி கிடையாது, சுற்றுவழிதான். ஒளி அநேகமாக வராது. ஒற்றை அடுக்காக உரித்தால் நேர்வழி திறக்கிறது. எலக்ட்ரான் ஏறி இறங்கும் ஆற்றல் இடைவெளி சுமார் 1.2 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து (அந்த ஆற்றலை அளக்கும் அலகு) 1.8க்கு ஏறுகிறது. லேசர் காட்டினால் சிவப்பாக ஒளிர்கிறது. 2010இல் கண்டது இது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்றேன்; இங்கே சிறுக்கச் சிறுக்கக் காரம் ஏறுகிறது!

எப்படி உரிப்பது? ஒட்டும் டேப்பால். 2004இல் கைம், நோவோசெலோவ் என்ற இரு விஞ்ஞானிகள் கிராஃபீனுக்கு, அதாவது ஒற்றை அடுக்குக் கார்பனுக்கு, செய்த அதே வேலை. டேப் நம் பெட்டிக்கடையில் இருக்கிறது, ஐயா. மைக்ராஸ்கோப் எங்கே? நான் போன ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஆய்வக அறைப் பூட்டு உப்புக்காற்றில் துருவேறிச் சாவியே திரும்பவில்லை. அதற்கும் மாலி கிரீஸ்தான் போட வேண்டும் போல! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. நம் பிள்ளைகளை அந்த அறைக்குள் விட்டுப் பாருங்கள்.

மூன்றாவது செய்தி... தலைவர் மணி பார்க்கிறார். ஒளி உணரி, எல்.இ.டி. எல்லாம் ஆய்வகங்களில் செய்து காட்டிவிட்டார்கள். மிச்சத்தைக் கீழே இறங்கிப் பேசுவோம். கடற்கரைப் பள்ளிகளின் ஆய்வகங்களைத் திறக்கச் சொல்லும் மனு மைக் செட் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா கட்டிவைத்திருக்கிறேன், யாரும் எடுத்துப் போகாதீர்கள்.