திரும்பி வரும் எண்ணம்

நேயர்களுக்கு வணக்கம். சட்டக் கல்லூரியில் ரோமானியச் சட்டம் கற்பித்த காலத்திலிருந்து என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 'அனிமுஸ்' என்பது அந்த இலத்தீன் சொல். மனம், துணிவு, சினம், நோக்கம் ஆகிய அனைத்தையும் ரோமானியர் இந்த ஒரு சொல்லால் குறித்தார்கள். காற்றைக் குறிக்கும் கிரேக்கத்தின் 'அனெமோஸ்', வடமொழியின் 'அனிலம்' ஆகிய சொற்களும் இதற்கு உறவு முறைதான். "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று செய்திகளில் கேட்கிறோம் அல்லவா? அந்த இடத்தில் ஆங்கிலத்தில் வரும் 'யுனானிமஸ்' என்பதைப் பிரித்துப் பார்த்தால், அதிலும் ஒன்று, மனம் என்னும் இரண்டு சொற்களே இருக்கும்.

சட்டத்திற்குள் இச்சொல் என்ன செய்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு புறா. பேரரசர் ஜஸ்டினியன் 533-ஆம் ஆண்டில் சட்ட மாணவர்களுக்காக வெளியிட்ட பாடநூலில் அது வருகிறது. காட்டுயிர் பிடித்தவருக்குச் சொந்தம். தப்பித் தன் இயல்பான விடுதலையை அடைந்துவிட்டால் அந்த உரிமை அற்றுப்போகும். புறாவும் இயல்பால் காட்டுயிர் என்பதே ரோமானியரின் கணக்கு. அப்படியானால், நாம் வளர்க்கும் புறா காலையில் மாடியை விட்டுப் பறந்து, மாலையில் கூடு திரும்பும் வரை, யாருடையது?

உங்களுடையதுதான் என்கிறது அந்த நூல். திரும்பி வரும் எண்ணம், அதாவது 'அனிமுஸ் ரெவெர்டெண்டி', அதற்கு இருக்கும் வரை அது உங்கள் உடைமை; எண்ணம் அற்றால் முதலில் பிடிப்பவருக்கு உரியது. தேனீக்களுக்கும், மயிலுக்கும், காட்டுக்குப் போய்த் திரும்பப் பழகிய மானுக்கும் இதே விதி. சரி, புறாவின் மனத்தை யார் கண்டார்கள்? இதற்கும் நூலில் விடை உண்டு. திரும்பி வரும் வழக்கத்தை அது விட்டுவிட்டால், எண்ணத்தையும் விட்டதாகக் கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எண்ணத்தைக் கண்ணுக்குத் தெரியும் வழக்கத்தைக் கொண்டு அளக்கும் இந்த முறையை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. மீண்டும் சொல்கிறேன்: எண்ணத்திற்குச் சாட்சி நடத்தையே.

அடுத்த பத்தியில் கோழியும் வாத்தும் வருகின்றன. அவை காட்டுயிர் அல்ல. ஆகவே மிரண்டு எங்கே பறந்து போனாலும் உங்களுடையவையே. ஆதாயம் பெறும் எண்ணத்தோடு அவற்றை வைத்துக்கொள்பவர் திருடர். இந்த 'ஆதாயம் பெறும் எண்ணம்' இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெயினின் 1995-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 234-ஆம் பிரிவில் திருட்டை வரையறுக்கும்போது 'ஆனிமோ தே லூக்ரோ' என்றே சொல்கிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளையும் அங்கே இதே தொடரால்தான் குறிக்கிறார்கள். அதே ஸ்பெயினில், சோர்ந்திருப்பவரிடம் "ஆனிமோ!" என்றால், மனம் தளராதே என்று பொருள்.

நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இச்சொல் ஒலிக்கிறது. பிறர் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தாலே உரிமை வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் உறுப்பு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சொல்வது உண்மைதான். ஆனால் எதிரிடை அனுபவம், அதாவது பிறர் நிலத்தை இப்படி அனுபவித்ததால் வரும் உரிமை, கோருபவருக்கு, உரிமையாளருக்கு எதிராகத் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளும் எண்ணம், 'அனிமுஸ் பொசிடெண்டி', இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியுள்ளது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த எண்ணம் அவருக்கு இருப்பதாகக் கொள்வதில்லை. இங்கும் நடத்தையே சாட்சி.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பகையுணர்வு என்ற பொருளும் வந்து சேர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-இல், ரோமர் எதிர் எவன்ஸ் வழக்கில், ஒரு பிரிவினர் மீதான காழ்ப்பைக் குறிக்க இதையே பயன்படுத்தியது. தமிழிலும் 'உள்நோக்கம்' என்றால் உள்ளே இருக்கும் நோக்கம், அவ்வளவுதான். ஆயினும், "உள்நோக்கத்தோடு பேசுகிறார்" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அந்த நோக்கம் நல்லது என்று நம்மில் எவரும் எடுத்துக்கொள்வதில்லை. வணக்கம்.