போதும்மா, நீ உள்ள வா

வணக்கம் மக்களே. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். நானும் தம்பியும் ஒரே ஆட்டத்துல, ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி விழுந்தோம். ரெண்டு பேருக்கும் முட்டி சிராய்ச்சுப் போச்சு, மண்ணும் ரத்தமும் ஒட்டிக் கிடக்கு. அப்பா தம்பி முட்டியைக் கழுவிட்டு, "ஒண்ணுமில்லடா, போய் விளையாடு"ன்னாரு. என் முட்டியை இன்னும் மெதுவா, ஊதி ஊதிக் கழுவுனாரு. கழுவிட்டு, "போதும்மா, நீ உள்ள வா"ன்னாரு.

அப்பாவுக்கு என் மேல கொள்ளைப் பாசம். அந்தப் பாசம்தான் என்னை உள்ள கூப்பிட்டுச்சு.

பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க்னு ரெண்டு உளவியலாளர்கள் 1996-ல இதைத்தான் பிரிச்சுக் காட்டுனாங்க. பெண்களைத் தாழ்வா நினைக்கிறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நேரடி வெறுப்பு. இன்னொண்ணு, "அவங்க மென்மையானவங்க, நாமதான் காப்பாத்தணும்"ங்கற அன்பு. முதல் வகையோட சண்டை போடலாம். ரெண்டாவது வகை நல்ல குணம் மாதிரியே வருது, அதோட எப்படிங்க சண்டை போடுறது?

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ எடுத்துக்கோங்க. பெண்கள் 800 மீட்டர்ல ஜெர்மனியோட லீனா ராட்கே உலக சாதனையோட ஜெயிச்சாங்க. ஓடி முடிச்ச களைப்புல சிலர் தரையில சாஞ்சாங்க. எந்த ஓட்டக்காரர்தான் சாயல? ஆனா பத்திரிகைகள் அதை ஊதிப் பெருசாக்குச்சு, "ஐயோ பாவம், பெண் உடம்பு தாங்காது"ன்னு பேச்சாச்சு. அந்த ஓட்டம் ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பி வந்தது 1960-லதான். 32 வருஷம்! ஒரு தலைமுறையே ஓடாமப் போச்சு. நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நியாயம்னு பேசுறவங்களும் ஒரே பக்கம் நிக்கிறதில்ல. விம்பிள்டன் டென்னிஸ்ல 2007-லதான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமப் பரிசு வந்துச்சு. "ஆண்கள் அஞ்சு செட் வரைக்கும் ஆடுறாங்க, பெண்கள் மூணுதானே?"ன்னு கேட்டவங்களுக்கு உழைப்புக்கு ஏத்த கூலிதான் நியாயம். மத்தவங்களுக்கு, ஒரே பட்டத்துக்கு ஒரே பரிசுங்கறது நியாயம். நான் ரெண்டாவது பக்கம். அரங்கம் நிறையறது ஆட்டத்துக்காக, கடிகாரத்துக்காக இல்ல.

குணத்துக்கும் இதுல பங்கு உண்டு. புதுசுன்னா ஆர்வமாப் பாக்குறவங்ககிட்ட பொதுவா பெண்களைப் பத்தின இந்த முன்முடிவு குறைவாத்தான் இருக்கு. ஒழுங்கு, வழக்கம்னு இறுக்கிப் பிடிக்கிறவங்களுக்கு விதியை மீறுறதே தப்பாத் தெரியும். பெண்கள் முறைப்படி ஓட முடியாத 1967 பாஸ்டன் மாரத்தான்ல, ஓடிட்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரோட 261-ம் நம்பரைப் பிடுங்கப் பாய்ஞ்சாரே நிர்வாகி ஜாக் செம்பிள், அவர் அப்படிப்பட்டவர்தான். அப்போ எடுத்த போட்டோவுல அவர் முகத்துல இருக்கற கோபத்தைப் பாருங்க. 1972-ல விதி மாறி, பெண்களும் முறைப்படி ஓடலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் அதே செம்பிள் ஸ்விட்சருக்கு நண்பராயிட்டாரு.

உங்க வீட்டுல ஒரு பொண்ணு விளையாடும்போது விழுந்தா, முதல்ல வாயில வர்ற வார்த்தை என்ன? யோசிச்சு எழுதாதீங்க, வர்றதை அப்படியே கமெண்ட்ல போடுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன்.