விடுதிக் கட்டண ரசீது

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு நன்கொடையாக வரும் உதவித்தொகை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் படித்தவள் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மழை பொய்த்தால் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். ஆறாம் வகுப்பில் என்னை ஒரு டிரங்குப் பெட்டியோடு கன்னியர் நடத்தும் விடுதியில் விட்டார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. தமிழ் வழியில் படித்தால் கல்விக் கட்டணமும் கிடையாது. அப்புறம் நன்கொடை எதற்கு என்று கேட்பீர்கள். சோற்றுக்கும் பாய்க்கும் விளக்குக்கும்தான். எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த உதவித்தொகையும் 2022இல் நின்றுபோனது. 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

நான் பத்தாவது முடித்த கோடையில் மாமாவுக்கு என்னைக் கட்டிவைக்கும் பேச்சு வந்தது. எங்கள் மாவட்டத்தில் இது புதிதல்ல. விடுதி சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். சட்டம் பேசவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. ஒரு ரசீதை அப்பா கையில் கொடுத்தார். "ரெண்டு வருஷ விடுதிப் பணம் கட்டியாச்சு, அண்ணே. திருப்பித் தரமாட்டாங்க." அப்பா அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். கட்டிய காசை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. என் கல்யாணம் தள்ளிப்போனது.

விசுவாசத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், நன்கொடை கொடுக்கும் உபகாரிகளுக்குக் கடிதம் எழுதுவோம். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும்: "தினமும் உங்களுக்காகச் செபிக்கிறேன்." நானோ மாலைச் செபத்தில் தூங்கி விழுகிறவள். எழுதும்போதெல்லாம் கடன்காரி மாதிரி இருக்கும். செபமே வட்டி கட்டுவதுபோல் ஆகிவிட்டது.

பக்கத்துப் பாய்க்காரி அஞ்செட்டிப் பெண், இந்து. அவளுக்கும் அதே உதவிதான். அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் சிறு பிள்ளையை, பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமில்லாமல் மத போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பள்ளியிலும் கிறிஸ்தவப் பிள்ளைகளான எங்களுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்திருந்தார்கள். கடிதத்தை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அவள்தான் எழுந்து கேட்டாள்: "சிஸ்டர், நான் முனியப்பனைக் கும்பிட்டா அவங்களுக்குப் போய்ச் சேருமா?" வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் சிரித்துவிட்டு, "சேரும், எழுது" என்றார். மறுவருடம் அந்த வரி கரும்பலகையில் இல்லை. தோன்றியதை எழுதச் சொன்னார்.

எட்டாவதில் எனக்கு அம்மை போட்டது. ஊருக்குச் சொல்லி அனுப்பியும் வீட்டில் ஆளில்லை. சிஸ்டர்தான் தனி அறையில் படுக்கவைத்துக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினார். கதவில் ஒரு வேப்பிலைக் கொத்தும் தொங்கியது. கன்னியர் மடத்தில் வேப்பிலையா என்று நான் பார்த்ததைக் கவனித்து, "உங்க அம்மா இருந்தா இதைத்தானே செய்வாங்க" என்றார். மூன்றாம் நாள் ராத்திரி, யாரும் சொல்லாமல், முதல்முறையாக நானாகச் செபித்தேன். உபகாரிக்காக இல்லை. அரிப்பு நிற்க வேண்டும் என்று!

அஞ்செட்டிக்காரி இன்றைக்கும் முனியப்பன் கோவில்காரிதான். ஓசூரில் நர்சாக இருக்கிறாள். அவளை மதம் மாற்றாததால் அந்தப் பணம் வீண் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மாற்றுவதற்காகக் கொடுத்திருந்தால், அந்த வேப்பிலையைக் கட்டிய கைக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு விடுதிப் பணம் கட்டுகிறோம். நன்றிக் கடிதம் வேண்டாம் என்று சொல்லித்தான் கட்டினோம். இருந்தும் போன மாதம் ஒன்று வந்தது. விடுதிக் களி கட்டி கட்டியாக இருக்கிறதாம், அறையில் மழை ஒழுகுகிறதாம். கடைசி வரியில், "அக்கா, காம்பஸ் உடைஞ்சிடுச்சு, புதுசு வாங்கி அனுப்புங்க" என்று இருந்தது. வாங்கி அனுப்பிவிட்டோம்.

வணக்கம்.