அம்மா இதைச் சுண்டல் என்கிறார்

வணக்கம். கேமராவை மிக்ஸி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். நடுவில் சரிந்தால் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருங்கள், வந்து நிமிர்த்திவிடுகிறேன். பின்னால் கேட்பது மேல்மாடியில் டைல்ஸ் வெட்டுகிற சத்தம். இன்றோடு மூன்றாவது நாள்.

இன்று செய்யப்போவது ராஜ்மா, காராமணி, காய்கறி எல்லாம் கலந்த சாலட். அடுப்பு வேலை என்று பார்த்தால் இரண்டு முறை குக்கர் வைப்பதும், கொஞ்சம் பீன்ஸைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும்தான். மே மாதம் பதினொரு மணிக்கு மந்தைவெளியில் ஜன்னல் சிறிதான சமையலறையில் நிற்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரமே இதைச் செய்து, படமும் பிடித்து, அழித்துவிட்டேன். ராஜ்மா வேகவில்லை. இரவெல்லாம் ஊறியது, ஆறு விசில் விட்டேன், அப்படியும் கூழாங்கல் மாதிரி இருந்தது. அப்பா ஒரு வாய் மென்றுவிட்டு, "பல் டாக்டர் உனக்குக் கமிஷன் தருகிறாரா?" என்று கேட்டார்.

தப்பு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. முதலாவது எங்கள் போர்வெல் தண்ணீர். இந்தக் குழாயைப் பாருங்கள், வாயெல்லாம் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை பூத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் இதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பயறு மெத்தென்று வேக வேண்டுமானால் அதற்குள் பசை மாதிரி இருக்கும் பெக்டின் இளகிக் கரைய வேண்டும். இந்த இரண்டும் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. இரண்டாவது தப்பு என்னுடையது. புளிப்பு நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று குக்கரிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். புளிப்பும் பயறை வேகவிடாது. சாம்பாருக்குப் பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துவிட்டுத்தானே புளிக்கரைசலோடு சேர்க்கிறோம்? பாட்டி காரணம் சொன்னதில்லை, செய்து காட்டினார். நான் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி.

ஆகவே இந்த முறை கேன் தண்ணீர். அரை கப் ராஜ்மாவை நேற்று இரவு அதில் ஊறப்போட்டு, ஒரு டீஸ்பூன் உப்பும் போட்டேன். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் போடுகிற உப்பு உண்மையில் தோலை மிருதுவாக்கும், பயப்பட வேண்டாம். பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இந்த வெயிலில் வெளியே வைத்தால் காலையில் நுரை தள்ளிப் புளித்த வாடை வந்துவிடும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சத்து போய்விடுமே என்று அதிலேயே வேகவைக்காதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து விதை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்திவிடும். புதுத் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் அது அழிந்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் கொதிக்கட்டும் என்கிறது. மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானைதான் ஆபத்து, அரைகுறைச் சூட்டில் நச்சு அழியாது. நம் குக்கரில் அந்தக் கவலை இல்லை. ஐந்து விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிடம், அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும். பச்சைப்பயறு போல முளைகட்டிப் பச்சையாகத் தின்னலாமா என்று யாராவது கேட்பீர்கள். ராஜ்மாவை மட்டும் கூடாது.

காராமணி பாவம், சாது. மூன்று மணி நேரம் ஊறினால் இரண்டே விசில். இரண்டையும் ஒரே குக்கரில் போட்டால் ராஜ்மா வேகிற நேரத்தில் காராமணி கூழாகிவிடும், தனித்தனியாகவே வையுங்கள்.

காய்கறி, தெற்கு மாட வீதியில் காலையில் வாங்கியது. பச்சைப் பீன்ஸைச் சின்னதாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் இந்தப் பச்சை நிறம் அப்படியே நிற்கும். இந்தப் பீன்ஸும் அந்த ராஜ்மாவும் ஒரே செடியினம், தெரியுமா? பிஞ்சில் தோலோடு பறித்தால் பீன்ஸ், முற்றிக் காய்ந்த விதையை எடுத்தால் ராஜ்மா. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். காராமணி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் என் எவர்சில்வர் கிண்ணம்.

கேரட், விதை எடுத்த தக்காளி, கொத்தமல்லி, இவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வெங்காயத்தை நறுக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் காட்டம் தணியும். வெள்ளரிக்காயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தைக் குளமாக்கிவிடும். அப்புறம் கிளிமூக்கு மாங்காய், பாதி. மெரினாவில் பட்டாணிச் சுண்டலோடு கடித்துப் பழகிய நாக்கு, அது இல்லாமல் ஒப்புக்கொள்ளாது.

பயறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாறு கலந்துவிட வேண்டும், ஆறிப்போனால் சுவை மேலேயே நின்றுவிடும். ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு, ஒரு சிட்டிகை வெல்லம். ஆலிவ் எண்ணெய் வைத்திருப்பவர்கள் அதையே ஊற்றிக்கொள்ளலாம். எனக்கென்னவோ ராஜ்மாவும் காராமணியும் நல்லெண்ணெயைக் கண்டால்தான் சிரிக்கின்றன. இப்போது ஒரு ராஜ்மாவை விரலால் நசுக்குகிறேன், பாருங்கள். வெண்ணெய்.

பயறு நன்றாக ஆறியதும் காயைக் கலந்து, சாப்பிடும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறவர்கள் வெள்ளரிக்காயைத் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரு நிமிடம், அம்மா வருகிறார். கேமராவுக்குள் வரமாட்டார், குரல் மட்டும் கேட்கும். என்னம்மா? "இது சுண்டல்தானே, தாளிக்காமல் ஏன் நிறுத்திவிட்டாய்?" என்கிறார். இல்லை அம்மா, இது சாலட், இப்படியே சாப்பிட வேண்டும்.

சரி. பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடுகு வெடிக்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா? பெருங்காயமும் போடுகிறார். நான் போய் ருசி பார்த்துவிட்டு வருகிறேன்.