பத்தொன்பதாவது பெண்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் பெண்கள் கிரிக்கெட் ஆடிப் பணம் வாங்கிய கதையைப் பொதுவாக 2014-இல் தொடங்குவார்கள். நான் 1890-க்குப் போகிறேன். அந்த வருடம் ‘ஒரிஜினல் இங்கிலீஷ் லேடி கிரிக்கெட்டர்ஸ்’ என்ற பெயரில் இரண்டு பெண்கள் அணிகளைச் சேர்த்து, ஊர் ஊராக அழைத்துப் போய், டிக்கெட் போட்டு ஆட வைத்தார்கள். லிவர்பூல் ஆட்டத்துக்கு 15,000 பேர் வந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆடியவர்கள் சொந்தப் பெயரில் ஆட முடியவில்லை, புனைபெயர்தான். துணைக்கு ஓர் அம்மாளும் கூடவே போனார். இரண்டு வருடத்துக்குள் எல்லாம் கலைந்துபோனது. வசூலை நடத்தியவர்கள் சுருட்டிக்கொண்டார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு.

பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று இன்றும் கேட்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை முதலில் சொன்னேன். கூட்டம் 1890-லேயே வந்தது. அந்தப் பெண்களுக்கென்று ஓர் அமைப்புதான் இல்லை.

அமைப்பு 1926-இல் வந்தது. ஹெர்ஃபோர்ட்ஷயரில் கோல்வால் என்ற ஊரில் கூடிய பெண்கள் மகளிர் கிரிக்கெட் சங்கத்தை உண்டாக்கினார்கள். இவர்கள் போன வழி நேர் எதிர். காசு வாங்கக் கூடாது, வேடிக்கைப் பொருளாக நிற்கக் கூடாது, கண்ணியமாக ஆட வேண்டும். 1934-இல் பெட்டி ஆர்ச்டேல் தலைமையில் ஆஸ்திரேலியா போய், பிரிஸ்பேனில் உலகின் முதல் பெண்கள் டெஸ்ட் ஆடினார்கள். கப்பல் செலவு அவரவர் கையிலிருந்து. அப்படியென்றால் யார் போயிருப்பார்கள்? வசதி இருந்தவர்கள் போனார்கள். வசதி இல்லாத நல்ல ஆட்டக்காரி ஊரிலேயே நின்றாள். அவள் பெயர் எந்த ஸ்கோர்புத்தகத்திலும் இல்லை. கண்ணியத்துக்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை அது. அவர்கள் இல்லாவிட்டால் இன்று இந்த ஆட்டமே இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1973-இல் இங்கிலாந்து அணித்தலைவர் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட், ஜாக் ஹேவர்ட் என்ற தொழிலதிபரிடம் 40,000 பவுண்டு வாங்கி உலகக் கோப்பையையே நடத்திவிட்டார். ஆண்களின் முதல் உலகக் கோப்பைக்கு இரண்டு வருடம் முன்பு! எட்ஜ்பாஸ்டன் இறுதி ஆட்டத்தில் ஈனிட் பேக்வெல் 118 ரன் அடித்தார். கோப்பை வந்தது, சம்பளம் வரவில்லை. 1993-இல் லார்ட்ஸில் மறுபடி வென்றார்கள். அப்போதும் வரவில்லை. 1998-இல் சங்கம் இங்கிலாந்து–வேல்ஸ் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. இவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் நான் பேச வந்தது ஓர் அணியைப் பற்றி. சதாம்ப்டனைத் தாய்மண்ணாகக் கொண்ட சதர்ன் வைப்பர்ஸ்.

அந்த அணிக்கு முன்னால் ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். சார்லட் எட்வர்ட்ஸ், ஹன்டிங்டன்ஷயரில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயியின் மகள். 1996-இல், 16 வயதில், பாவாடை உடுத்தி இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். மறு வருடம் புனேயில், 18 வயது நிறைவதற்கு முந்தைய நாள், அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 173. பத்து வருடம் தலைவர். 2009-இல் ஒருநாள் உலகக் கோப்பை, டி20 உலகக் கோப்பை இரண்டும் அவர் தலைமையில் வந்தன. அந்தக் காலத்தில்கூட அணியில் இருந்தவர்களின் பிழைப்பு வேறு இடத்தில்தான் இருந்தது. 2008-இலிருந்து சிலருக்குப் பள்ளிகளில் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. அதுவே அப்போது பெரிய முன்னேற்றம்.

2014-இல் வாரியம் 18 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் பத்தொன்பதாவது பெண் என்ன ஆனாள்?

அவள் காலையில் வேலைக்குப் போனாள். மாலையில் வெளிச்சம் இருந்தால் வலைப்பயிற்சி. சனி, ஞாயிறில் கவுன்டிக்காக, அதாவது தன் மாவட்டத்துக்காக, ஆட்டம், அதற்குச் சம்பளம் கிடையாது. பதினெட்டாவது ஆளோ காலையில் உடற்பயிற்சி, பிசியோ, பகல் முழுக்க பேட்டிங் என்று போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். திறமையில் ஒரு கைப்பிடி வித்தியாசம் இருந்திருக்கும். அதை அந்த ஒப்பந்தமே பெரும் பள்ளமாக்கிவிட்டது. மேல்மாடியைக் கட்டி முடித்துவிட்டுப் படிக்கட்டை மறந்த வீடு அது. மேலே இருப்பவர்களுக்குப் போட்டி இல்லை, கீழே இருப்பவர்களுக்கு வழி இல்லை.

வைப்பர்ஸ் பிறந்தது 2016-இல், இந்த நிலையில்தான். கியா சூப்பர் லீக் என்று ஆறு அணிகளோடு டி20 தொடர் ஒன்றை வாரியம் தொடங்கியது. அதே வருடம் மே மாதம் எட்வர்ட்ஸின் சர்வதேச வாழ்க்கை முடிந்திருந்தது. டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற பிறகு, புதிய பயிற்சியாளர் புதிய அணியைக் கட்ட விரும்பினார். எட்வர்ட்ஸுக்கு அதில் இடம் இல்லை. 20 வருடம் ஆடியவர், 36 வயது. மூன்று மாதம் கழித்து வைப்பர்ஸின் தலைவராகக் களமிறங்கி, செம்ஸ்ஃபோர்டில் வெஸ்டர்ன் ஸ்டார்ம் அணியை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்று முதல் கோப்பையை எடுத்தார்.

அந்த லீக்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். நியூசிலாந்தின் சூசி பேட்ஸ் போன்றவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து பழகும் வாய்ப்பு கவுன்டிப் பெண்களுக்கு அதில்தான் வந்தது. ஆனாலும் அது கோடையில் சில வாரக் கணக்கு. செப்டம்பர் வந்தால் பத்தொன்பதாவது பெண் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். 2019-ஓடு லீக்கும் முடிந்தது.

இதே காலத்தில் ஆஸ்திரேலியா என்ன செய்தது என்று பாருங்கள். 2017 சம்பள உடன்பாட்டில் மாநில அணிப் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தேசிய அணி மட்டுமல்ல, அதற்கு அடுத்த வரிசையும் பயிற்சியை வேலையாகவே செய்ய ஆரம்பித்தது. பலன் தெரிய நாள் பிடித்தது, தெரிந்தபோது பளிச்சென்று தெரிந்தது. 2022 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 71 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 2025 தொடக்கத்தில், அந்த இரு நாடுகள் ஆடும் ஆஷஸ் தொடரில் புள்ளிக்கணக்கு 16–0. ஒரு ஆட்டம்கூடக் கைக்கு வரவில்லை. நடுவில் 2017-இல், நிறைந்த லார்ட்ஸில் ஆன்யா ஷ்ரப்சோல் ஆறு விக்கெட் எடுத்து, இந்தியா ஒன்பது ரன்னில் கோப்பையை விட்டதை நம்மில் பலர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வெற்றி பெரியதுதான். கீழே இருந்த பள்ளத்தை அது சில வருடம் மறைத்தும் வைத்தது என்பது என் கருத்து.

வாரியத்துக்கு இது கடைசியில் புரிந்தது. 2020-இல் எட்டு வட்டார அணிகள், 50 ஓவர் போட்டிக்கு மறைந்த ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட்டின் பெயர். நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. அப்போது பெண்கள் கிரிக்கெட்டை ஒத்திப்போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒத்திப்போடவில்லை, ஆகஸ்ட் கடைசியில் ஆட்டம் தொடங்கியது. அந்த டிசம்பரில் 41 பெண்களுக்கு முழுநேர உள்நாட்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்தொன்பதாவது பெண்ணுக்கு வேலை கிடைக்க ஆறு வருடம் ஆனது.

வைப்பர்ஸ் இப்போது எட்வர்ட்ஸின் பயிற்சியில் இருந்தது. தலைவர் ஜார்ஜியா ஆடம்ஸ். முதல் இறுதி ஆட்டம் எட்ஜ்பாஸ்டனில், எதிரே நார்தர்ன் டைமண்ட்ஸ். 34 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தவர் சார்லட் டெய்லர் என்ற சுழற்பந்துக்காரி. அவர் இங்கிலாந்துக்கு ஆடியவர் இல்லை. தலைவர் ஆடம்ஸும் அதுவரை ஆடியதில்லை.

அடுத்த வருடம் நார்த்தாம்ப்டன், அதே இரண்டு அணிகள். வைப்பர்ஸுக்கு இலக்கு 184. 109 ரன்னுக்கு ஏழு விக்கெட் போய்விட்டது. நின்றவர்கள் எமிலி வின்ட்சரும் டாரா நாரிஸும். இருவரும் ஆட்டமிழக்காமல் மீதி ரன்னை எடுத்து, கடைசி ஓவரில் கோப்பையை வாங்கிவிட்டார்கள். இவர்கள் இருவரும்கூட இங்கிலாந்து அணியில் இடம் பிடித்ததில்லை. நாரிஸ் பிறந்தது அமெரிக்காவில். பிறகு அந்த நாட்டுக்காக ஆடினார். 2023-இல் மும்பையில் டெல்லி கேபிடல்ஸ் அணிக்காக, நம் மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து விக்கெட்டை எடுத்தவர் அவர்தான்.

கவனியுங்கள், ஒரு தொழில்முறை அணியின் இரண்டு கோப்பைகளை, தேசிய அணி கூப்பிடாத பெண்கள் வாங்கித் தந்திருக்கிறார்கள். அப்போது அணியில் கூடவே இருந்த இளம்பெண்கள் மாயா பௌச்சியர், சார்லி டீன், லாரன் பெல். மூவரும் 2021, 2022-க்குள் இங்கிலாந்து அணிக்குப் போனார்கள். யாரோடு தினமும் பயிற்சி செய்து, யாருக்குப் பந்து வீசி அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்? வின்ட்சர் மாதிரி, டெய்லர் மாதிரி ஆட்களோடுதான். சம்பளம் வாங்கும் அடுத்த வரிசை செய்யும் வேலை இதுவே.

2022 இறுதி ஆட்டம் லார்ட்ஸில் நடந்தது. அதற்கு முந்தைய நாள் அதே லார்ட்ஸில்தான் பந்து வீசுவதற்குள் கோட்டைத் தாண்டிய சார்லி டீனைப் பந்துவீச்சு முனையில் இந்தியாவின் தீப்தி ஷர்மா ரன் அவுட் செய்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம், உங்களுக்கு நினைவிருக்கும். உலகமே அதைப் பேசிக்கொண்டிருக்க, டீன் மறுநாள் காலை வைப்பர்ஸுக்காகப் பந்து வீச வந்தார். ஓடிவந்து நின்று, எதிர் அணியான டைமண்ட்ஸின் லின்சி ஸ்மித்தை அதே மாதிரி அவுட் செய்யப்போவதுபோலப் பாவனை காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். வைப்பர்ஸ் அன்று இரண்டு ரன்னில் தோற்றது. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது. தேசிய ஆட்டத்தின் மறுநாள் உள்நாட்டு இறுதி, அதுவும் லார்ட்ஸில், அதுவும் இரண்டு ரன் வித்தியாசத்தில். இருபது வருடத்துக்கு முன்னால் அந்த மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பியிருப்பாள்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ‘தி ஹன்ட்ரட்’ என்ற நூறு பந்துத் தொடர் தொடங்கியபோது முதல் ஆட்டமே பெண்களுடையது, ஓவலில். அந்த வருடம் பெண்களுக்கு உச்ச சம்பளம் 15,000 பவுண்டு, ஆண்களுக்கு ஒரு லட்சம். 2025-இல் பெண்களுக்கு 65,000, ஆண்களுக்கு இரண்டு லட்சம். விகிதம் கூடியிருக்கிறது, சமமாகவில்லை. 2023 ஜூனில் கிரிக்கெட்டின் பாகுபாடுகளை ஆராய்ந்த சுயேச்சைக் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்துப் பெண்கள் அதுவரை லார்ட்ஸில் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஆகஸ்டில் வாரியம் தேசிய அணியின் ஆட்டக் கட்டணத்தைச் சமமாக்கியது. லார்ட்ஸ் டெஸ்ட் 2026-இல் இந்தியாவோடு என்று அறிவிப்பும் வந்தது.

சரி, எல்லாம் நல்லபடி போகிறதா? ஒரு மனத்தாங்கல் எனக்கு உண்டு. 2024-இல் வாரியம் வட்டார அணிகளைக் கலைத்து, 2025-இலிருந்து ‘முதல் நிலை’ என்று எட்டு கவுன்டிகளிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் வருடம் சுமார் 13 லட்சம் பவுண்டு. காரணம் புரிகிறது. மைதானமும் பயிற்சிக்கூடமும் கவுன்டியின் கையில் இருக்கும்போது பெண்கள் விருந்தாளியாக இருப்பதைவிட, உறுப்பாக இருப்பது நல்லது. வைப்பர்ஸ், ஹாம்ப்ஷயர் ஆனது. ஆனால் வைப்பர்ஸ் ஹாம்ப்ஷயரின் பிள்ளை மட்டும் அல்லவே. அதில் சசெக்ஸும் இருந்தது. பெண்கள் கவுன்டி சாம்பியன்ஷிப்பைப் பலமுறை வென்ற, கிளேர் கானரையும் சாரா டெய்லரையும் தந்த சசெக்ஸுக்கு முதல் நிலையில் இடம் கிடைக்கவில்லை. வடக்கே டைமண்ட்ஸ் வேர் விட்ட யார்க்ஷயரை விட்டு டர்ஹாமைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடிய பெண்கள் வீடு மாற வேண்டியிருந்தது. யார்க்ஷயர் பிறகு 2026-க்கு என்று சேர்க்கப்பட்டது. பிரைட்டன் பக்கத்தில் பந்து வீசும் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு முதல் நிலை அணி இப்போது தன் கவுன்டியில் இல்லை. பணக்காரக் கவுன்டிகளுக்கே எல்லாம் போய்ச் சேரும் ஆபத்தை வாரியம் இன்னும் நேராகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, லார்ட்ஸில் டீன் பாவனை காட்டிய லின்சி ஸ்மித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது கைச் சுழற்பந்துக்காரி. 2016-இல் வைப்பர்ஸின் முதல் அணியிலேயே இருந்தவர். 2018, 2019-இல் இங்கிலாந்துக்குச் சில டி20 ஆடினார், பிறகு வருடக்கணக்கில் அழைப்பு இல்லை. அணி மாறினார், டைமண்ட்ஸுக்குப் போனார், வைப்பர்ஸுக்கே திரும்பினார், அப்புறம் ஹாம்ப்ஷயர். 2014-இன் அமைப்பே நீடித்திருந்தால் அவர் எப்போதோ மட்டையையும் பந்தையும் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். உள்நாட்டுச் சம்பளம் அவரை ஆட்டத்தில் வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் எட்வர்ட்ஸ் இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கவுன்டி ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பேன் என்றார். மே மாதம் டெர்பியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக லின்சி ஸ்மித்துக்கு முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டம் கிடைத்தது. வயது 30. அன்று 36 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார்.

வணக்கம்.