பாலைவன ஆற்று மீன்கள்

வணக்கம் நேயர்களே. நினைத்தால் மழை கொட்டும் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பாலைவன மீனைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ ஆறு பாறைப் பாலைவனத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அணைகள் வருவதற்கு முன் அது ஒரு நிலையில் நின்றதே இல்லை. மலைப்பனி உருகும் மாதங்களில் செம்மண் கரைந்த வெள்ளம். கோடை முற்றினால் வெதுவெதுப்பான சிற்றோட்டம். இதற்கெல்லாம் ஈடுகொடுத்த மீன்கள்தாம் அங்கே பிழைத்தன. ஹம்ப்பேக் சப் என்ற மீனுக்குத் தலைக்குப் பின்னால் திமில். கண்ணோ மிகச் சிறியது. அந்தக் கலங்கல் நீரில் கண்ணுக்கு என்ன பெரிய வேலை? முதுகில் கூரிய மேடுள்ள ரேசர்பேக் சக்கர் நாற்பது வயதையும் தாண்டி வாழும்.

வறட்சியால் இவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. மனிதர்கள் ஆற்றைத் திருத்தப் போனதில்தான் வினை வந்தது.

1962 செப்டம்பர். கொலராடோவின் துணையாறான கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணை முடியும் தறுவாய். புதிய நீர்த்தேக்கத்தில் தூண்டில்காரர்களுக்காக டிரவுட் மீன் விட வேண்டும். அதற்கு இடைஞ்சல் என்று, உள்ளூர் மீன்களை ஒழிக்க அரசுத் துறைகளே ஆற்றிலும் அதன் கிளைகளிலுமாகச் சுமார் 700 கிலோமீட்டருக்கு ரோட்டினோன் என்ற நஞ்சைக் கலந்தன. நம் வட்டாரத்துக்கு இது பழகிய நஞ்சுதான். மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், தூபா வேரை இடித்து, அதன் சாற்றை ஓடையில் ஊற்றி மீன் பிடிப்பார்கள். அந்த வேரில் இருப்பதும் ரோட்டினோன்தான். கம்பத்தில் ஒரு மடுவுக்குச் செய்ததை இவர்கள் ஓர் ஆற்றுக்கே செய்துவிட்டார்கள். நஞ்சை முறிக்கச் செய்த ஏற்பாடும் சரியாகப் பலிக்காமல், கீழே டைனோசர் தேசிய நினைவிடம் என்ற பாதுகாப்புப் பகுதி வரை மீன்கள் செத்து மிதந்தன.

அடுத்த ஆண்டே கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. ஏரியின் ஆழத்திலிருந்து வெளிவரும் நீர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது. திமில் மீனின் முட்டை பொரியக் குறைந்தது பதினாறு டிகிரி வேண்டும். அதனால் அவை லிட்டில் கொலராடோ என்ற கிளையாற்றில் ஒதுங்கின. வண்டலும் ஏரியிலேயே தங்கிவிட, தெளிந்த நீரில் வெளியூர் மீன்களுக்குக் கொண்டாட்டம்.

கொலராடோவின் கீழ்ப்பகுதியில் உள்ள மொஹாவி ஏரியில் ரேசர்பேக் முட்டையிடுகிறது, பொரிந்ததும் குஞ்சுகளை பாஸ் போன்ற வெளியூர் மீன்கள் தின்றுவிடுகின்றன. ஆகவே பணியாளர்கள் இரவில் படகில் போய்க் கரையோர நீருக்குள் விளக்கை இறக்குகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, உடம்பு ஊடுருவித் தெரியும் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும். சிறு வலையால் அள்ளிப் பண்ணையில் வளர்த்து, எளிதில் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதான பிறகே ஏரியில் விடுகிறார்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் நீர்த்தேக்கங்களில் பீகாக் பாஸ் தூண்டிலில் மாட்டினால் இளைஞர்களுக்கு ஒரே குஷி. அது தென்னமெரிக்க மீன். யாரோ கொண்டுவந்து விட்டது. உள்ளூர் மீன்களில் பல நீ சூன் சதுப்புக்காட்டு ஓடைகள் போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. பௌத்தர்களின் விசாக தினத்தில் புண்ணியம் என்றும், வீடு மாறும்போது தொட்டியில் இடமில்லை என்றும் மீனை நீரில் விடுகிறார்கள். அப்படி விடுவது சட்டப்படியும் குற்றம். மீன் வளர்க்கும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்.

மறுபடி கொலராடோவுக்கு. நீண்ட வறட்சியில் கிளென் கேன்யன் அணையின் ஏரி மட்டம் இறங்கி, அணையிலிருந்து வரும் நீர் சற்றுச் சூடானது. திமில் மீன் பெருகியது. 2021இல் அழியும் நிலைப் பட்டியலில் ஆபத்து குறைந்த படிக்கு மாற்றப்பட்டது. ஆனால் மட்டம் மேலும் இறங்கியதும், மேல்மட்ட நீரில் வாழும் ஸ்மால்மவுத் பாஸும் அணை வழியே வெளியேறி, 2022இல் கீழே ஆற்றில் குஞ்சு பொரித்தது. சரி, என்ன செய்வது? 2024இல் அடிமட்டக் குழாய்களைத் திறந்து குளிர்நீரை விட்டார்கள், பாஸ் பெருகாதிருக்க. ஒரு காலத்தில் திமில் மீனைக் கெடுத்த அதே குளிர்தான்! அந்த நீர் விசையாழிக்குள் போகாததால் மின்சாரம் குறைந்தது, மின்சாரம் வாங்குவோர் முறையிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தச் செலவு தகும். கட்டணம் கட்டுவது நீங்கள் இல்லையே என்று அவர்கள் சொன்னால், அதுவும் நியாயம்தான்.

வணக்கம்.